வாத்துப் பையின் ஐந்தாவது பட்டன்

என்னோடு உட்கார்ந்து படம் பார்க்க யாரும் சம்மதிப்பதில்லை. கதாநாயகி அழுதுகொண்டே கதவைத் திறக்கும் இடத்தில் தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, “உள்ள வரப்போ கையில வளையல் இருந்துச்சு, இப்ப காணோம்” என்று முணுமுணுப்பவளை யார்தான் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்? கல்லூரித் தோழிகள் என்னை அழைப்பதையே நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு வாயைத் திறக்கவே கூடாது என்று சத்தியம் செய்துகொண்டுதான் போவேன். இடைவேளைக்கு முன்னாலேயே சத்தியம் காற்றில் போய்விடும். நான் என்ன செய்வது, கண் அங்கேதானே போகிறது!

இந்த வியாதி எனக்கு ஒன்பது வயதில், ஒரு வாத்தால் வந்தது.

முடிச்சூரில் எங்கள் தெருவில் வெள்ளம் ஜன்னல் வரைக்கும் நின்று வடிந்ததற்கு அடுத்த வருஷம் அது. பழைய டிவி, மிக்ஸி, மெத்தை, என் மூன்றாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் குப்பை லாரியில் ஏறிப் போய்விட்டிருந்தன. அப்பா புது டிவி ஒன்று வாங்கி வந்து சுவரில் நல்ல உயரத்தில் மாட்டினார். இனி எவ்வளவு தண்ணீர் வந்தாலும் டிவிக்கு ஒன்றும் ஆகாது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். நாம மட்டும் முழுகினா போதுமா என்று அம்மா கேட்டாள். டிவி வந்ததே தவிர கேபிள் வரவில்லை. கேபிள்காரர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களிடம் இருந்ததெல்லாம் டிவிக் கடைக்காரர் டப்பாவுக்குள் போட்டுக் கொடுத்த ஒரு பென்டிரைவ்தான். அதில் ஒரே ஒரு கார்ட்டூன் படம்.

தீவு தீவாகப் படகில் தபால் கொண்டுபோகும் ஒரு வாத்தின் கதை. தலையில் தொப்பி, தோளில் தோல் பை. பையிலிருந்து ஒரு கடிதம் காணாமல் போய்விடுகிறது. அதைத் தேடிக்கொண்டு புயலிலும் மழையிலும் வாத்து அலைகிறது. எந்த தேசத்தில் எடுத்தார்களோ, எங்கள் வீட்டில் அது தமிழில் பேசியது. சாதாரணத் தமிழ் இல்லை. “ஐயகோ, என் மடல் எங்கே!” என்று கடலைப் பார்த்துக் கூவும் தமிழ். நானும் ஸ்கூலில் பென்சில் தொலைந்தால் ஐயகோ என்று கத்தி மிஸ்ஸிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

முதல் பத்துத் தடவை கதையைப் பார்த்தேன். பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோதான் பட்டனைப் பார்த்தேன். வாத்தின் பையில் வரிசையாக ஐந்து பித்தளை பட்டன்கள். வாத்து படகில் ஏறும்போது ஐந்து. நடுக்கடலில் அலை அடிக்கும்போது நாலு. கரையில் இறங்கும்போது மறுபடியும் ஐந்து. ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிட்டு, நாற்காலியைப் போட்டு ஏறி, டிவியில் மூக்கு இடிக்க நின்று விரல் வைத்து எண்ணினேன். நாலேதான்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். “அறுந்து விழுந்திருக்கும், அப்புறம் தெச்சிருக்கும். நீ போய் தயிர் வாங்கிட்டு வா” என்றாள். நடுக்கடலில், புயலில், ஒரு வாத்து எப்படி ஊசியில் நூல் கோக்கும்? அம்மாவுக்கு இதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தயிர்க் கடைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். கார்ட்டூன் படத்தை ஆட்கள் உட்கார்ந்து வரைகிறார்கள் என்று எங்கள் டிராயிங் மிஸ் சொல்லியிருந்தார். அப்படியானால் ஐந்து பட்டன் வரைந்தவர் ஒருவர், நாலு வரைந்தவர் இன்னொருவர். அந்த நாலு பட்டன் ஆள் யார்? அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லையா? வீட்டில் சண்டையா? யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தாரா? நான் கவனித்துவிட்டேன் என்று அவருக்குச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. தயிரை வாங்காமலேயே வீடு திரும்பி, மறுபடியும் அனுப்பப்பட்டேன்.

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் பட்டியல் போட ஆரம்பித்தேன். கலங்கரை விளக்கத்துக் கடிகாரம் நாலு பத்து காட்டிவிட்டு, வாத்து இரண்டு படி ஏறுவதற்குள் இரண்டு மணி ஆகிவிடும். மீன் விற்கும் ஆமை எடுத்த தட்டில் ஆறு மீன், வைத்த தட்டில் எட்டு. பையின் வார் வலது தோளிலிருந்து இடது தோளுக்குத் தாவும். தப்புகள் மட்டுமில்லை. ஒவ்வொரு தீவிலும் எங்கேயாவது ஒரு மூலையில் பொட்டு அளவுக்கு ஒரு நத்தையை யாரோ ஒளித்து வைத்திருந்தார்கள். வேலிக்குப் பின்னால், அம்மிக்கல் மாதிரி ஒரு பாறைக்கு அடியில், ராணி வாத்தின் கிரீடத்தில்கூட. கதையில் நத்தைக்கு வேலையே இல்லை; யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. பார்க்கிறவர்களுக்காக மட்டும் வைத்த நத்தை! முதல் நத்தையைக் கண்டுபிடித்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் தனியாகக் குதிப்பது? அப்பாவை இழுத்தேன். தப்பு கண்டுபிடிப்பதுதான் அவருக்கு வேலையே.

அப்பா மறைமலை நகரில், கார் பம்பர்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். பெயின்ட் அடிப்பவர் இல்லை, அடித்ததைப் பார்ப்பவர். இரண்டு பக்கமும் தலைக்கு மேலும் டியூப் லைட் வரிசையாக எரியும் ஒரு கூண்டுக்குள் அவர் நிற்பார். கொக்கியில் தொங்கிக்கொண்டு பம்பர்கள் ஒவ்வொன்றாக வரும். தூசி ஒட்டியிருக்கிறதா, பெயின்ட் வழிந்திருக்கிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் தன்னுடைய நம்பர் போட்ட பச்சை ஸ்டிக்கரை ஒட்டுவார். அப்பாவின் நம்பர் பதினாலு. பன்னிரண்டு வருஷமாகப் பதினாலாம் நம்பர் ஒட்டிய பம்பர் திரும்பி வந்ததில்லை என்று பேர் வாங்கியிருந்தார். தெருவில் புதுக் கார் எதையாவது பார்த்தால் ஓரமாகக் குனிந்து பம்பரைப் பார்த்துவிட்டுத்தான் நகருவார். அவர் கண்ணை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

அந்தக் கண் அந்த வருஷம் மங்கிக்கொண்டு வந்தது. இது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அப்பாவுக்குச் சுகர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அவர் செய்துகொண்ட வைத்தியம் காபியில் அரை ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டதுதான். எதிரே இருப்பதில் அங்கங்கே திட்டுத் திட்டாகப் புகை படிந்தமாதிரி தெரிகிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளி முடிந்ததும் செக்கிங் ஆட்கள் எல்லோருக்கும் கம்பெனியில் கண் டெஸ்ட் வைப்பார்கள். தேறாதவரை லைனை விட்டு எடுத்துவிடுவார்கள். பெருங்களத்தூரில் கம்பெனி பஸ் ஏறும் இடம் வரைக்கும் வண்டியில் போய்க்கொண்டிருந்தவர், வண்டி மைலேஜ் கொடுக்கவில்லை என்று சொல்லி ஷேர் ஆட்டோவில் போக ஆரம்பித்தார். நாங்களும் நம்பினோம்.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் மாமா. சொந்த மாமா இல்லை. அப்பாவும் அவரும் மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வதால் எனக்கு மாமா. மேற்குத் தாம்பரத்துக்காரர். பம்பர் கூண்டுக்குள் வருவதற்கு முன்னால் அதைத் துணியால் துடைத்துவிடுவது அவர் வேலை. துடைக்கும்போது தூசி ஏதாவது அவர் கண்ணில் பட்டால், அந்த இடத்துக்கு நேராகத் துணியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்பா அங்கே பார்த்துத் தப்பென்று குறிப்பார். இப்படித்தான் அவர்கள் இரண்டு பேரும் மாதங்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் மாமாவே ரொம்ப வருஷம் கழித்துச் சொன்னார்.

இந்த நிலைமையில்தான் நான் ரிமோட்டோடு அப்பா முன்னால் போய் நின்றிருக்கிறேன்.

ஆட்டத்தின் விதி சுலபம். படம் ஓடும். தப்போ நத்தையோ தெரிந்தால் கையைத் தட்ட வேண்டும். முதலில் தட்டியவருக்கு ஒரு பாயின்ட். முதல் நாள் அப்பா ஒன்றுகூடக் கண்டுபிடிக்கவில்லை. பட்டனை நான் காட்டியபோது “எங்க, எங்க” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் அவரைக் கொஞ்சமாகவா ஓட்டினேன்! “பன்னெண்டு வருஷ சர்வீஸாம், ஒரு பட்டன் தெரியல” என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பாடினேன். அம்மாகூடச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். ஆனால் மறுநாள் வேலையிலிருந்து வந்து கை கால் கழுவியதும், நான் கூப்பிடாமலேயே “போடு படத்தை” என்று உட்கார்ந்தார்.

ஒரு வாரத்தில் அப்பா என்னை முந்த ஆரம்பித்துவிட்டார். கடிகாரம் வருவதற்கு முன்னாலேயே கையை ஓங்கி வைத்துக்கொள்வார். ஆமையின் மீன், தோள் மாறிய வார், பாறைக்கு அடியில் நத்தை, எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று தட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஒரு விஷயம் உறுத்தியது. நான் நோட்டில் எழுதி வைத்தவற்றை மட்டுமே அப்பா கண்டுபிடித்தார். புதிதாக ஒன்றுகூட இல்லை. நோட்டு ஃப்ரிட்ஜ் மேல்தான் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரு வேலை செய்தேன். “ரெண்டாவது தீவு, படகுக் கொடி சிவப்பு, அப்புறம் நீலம்” என்று நோட்டில் எழுதி வைத்தேன். கொடி மாறவே மாறாது. படம் முழுக்கச் சிவப்புதான். இரண்டு நாள் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, அம்மா தைக்க உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது தீவு வந்தது. படகு திரும்பியது. அப்பா பளீரென்று கையைத் தட்டினார். “கொடி! கொடி மாறிடுச்சு! சிவப்பா இருந்தது நீலம்!”

அழுகுணி ஆட்டம், அழுகுணி ஆட்டம் என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. “காப்பி அடிச்சுட்ட! என் நோட்டைப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்து சொல்ற! கொடி மாறவே இல்ல, நான் வேணும்னேதான் எழுதினேன்!” என்று குதித்தேன். அப்பா தட்டிய கையை இறக்கினார். “நெஜமாவே மாறலயா?” என்று கேட்டார். திருப்பிப் போடச் சொன்னார். நாற்காலியை டிவிக்கு அடியிலேயே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாவது தடவை, “இப்ப கொடி வந்துடுச்சா?” என்றார். கொடி அவர் மூக்குக்கு நேராகப் பறந்துகொண்டிருந்தது. தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ள மனசில்லாமல் நடிக்கிறார் என்று நினைத்து நான் இன்னும் குதித்தேன்.

இப்போது யோசித்தால், எனக்கு விளையாட்டாக இருந்தது அவருக்குப் பரீட்சைக்குப் படிப்பதாக இருந்திருக்கிறது. நோட்டைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்திருப்பார். கம்பெனி கண் டெஸ்ட்டில் சுவரில் மாட்டும் எழுத்துகளை மனப்பாடம் செய்துவிட்டால் போதும் என்று நம்பினாரோ, அல்லது ஒவ்வொரு நாளும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டாரோ. ஒருமுறை கேட்டேன். “ரெண்டும்தான்” என்றார்.

காலாண்டு லீவு முடிந்து ஆயுத பூஜை வந்தது. அந்த ஒரு நாள் குடும்பத்தோடு கம்பெனிக்குள் போகலாம். நான் வருஷம் பூராவும் காத்திருக்கும் நாள். அம்மாவுக்குத் தைக்கும் துணி நிறைய இருந்ததால் வரவில்லை. நானும் அப்பாவும் மட்டும் கிளம்பினோம். பஸ்ஸில் மாமா முன்னாலேயே இடம் பிடித்து வைத்திருந்தார்.

“இன்னா பாப்பா, நோட்டெல்லாம் எட்தாந்துகினியா? எங்க பாக்டரில இன்னா இன்னா தப்பு கீதுன்னு சொல்லிப்புடு” என்று சிரித்தார். நான் நோட்டை நிஜமாகவே கொண்டுவந்திருந்தேன்.

தொழிற்சாலையே குளித்துப் பொட்டு வைத்த மாதிரி இருந்தது. மெஷின், தள்ளுவண்டி, தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர், கேன்டீன் கிரைண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. ஸ்பானர்களை ஒரு மேஜையில் அடுக்கி அவற்றுக்கும் படையல். பெயின்ட் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் கலந்து வந்தன. பொரி, கடலை, நாட்டுச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்தார்கள். அப்பாவின் கூண்டுக்கு மட்டும் அன்று லைட் எல்லாவற்றையும் எரியவிட்டிருந்தார்கள். உள்ளே நின்றால் நம் நிழல் எங்கேயுமே விழாது. நான் கையைத் தூக்கி, காலைத் தூக்கி, நிழலைத் தேடிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் வந்த கறுப்பு பம்பர் ஒன்று கொக்கியில் தொங்கியது. அதற்கும் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

அப்போது சூப்பர்வைசர் சார் வந்தார். நல்ல மனுஷர், வருஷா வருஷம் எனக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட் கூடுதலாகக் கொடுப்பவர். “வாம்மா, செக்கிங் வீட்டுப் பொண்ணு! கண்ணு எப்படி, அப்பா மாதிரியா?” என்று கேட்டார்.

“அப்பாவை விட எனக்கு நல்லாத் தெரியும் சார்” என்றேன்.

“அப்படியா! அப்ப இந்த பம்பர்ல ஏதாச்சும் இருக்கா, பாத்துச் சொல்லு” என்றார். அங்கே நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு இது விளையாட்டில்லை. ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து, டிவி முன்னால் நிற்பதைப் போலவே மூக்கு இடிக்க நகர்ந்துகொண்டு போனேன். லைட்டின் வெள்ளைக் கோடு பம்பரில் நேராக ஓடிக்கொண்டே வந்தது. கீழ் மூலைக்குப் பக்கத்தில் அந்தக் கோடு ஒரு இடத்தில் துளியூண்டு நெளிந்தது. கடுகில் பாதி இருக்கும். “இங்க சார்!” என்று கத்தினேன்.

சார் குனிந்து பார்த்தார். நகத்தால் தடவிப் பார்த்தார். பம்பரைத் திருப்பி, உள்பக்கம் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கரைப் பார்த்தார். பதினாலு. “என்னய்யா, பொண்ணு உன்னை முந்திட்டாளே” என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மாமா குறுக்கே வந்தார். “நேத்து பூஜைக்கு அலங்காரம் பண்ற அவசரம் சார். லைட்டும் பாதி எரியல. இன்னா பேஜாரா பூட்ச்சுன்னா…” என்று என்னவோ சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்தார். “வா பாப்பா, பொரி துன்லாம் வா.”

தவறான காரணம் சொன்னால் என்னால் பொறுக்க முடியாது. அன்றைக்கும் முடியாது, இன்றைக்கும் முடியாது. கையை உதறிக்கொண்டு சார் முன்னால் போய் நின்றேன். “லைட்டு இல்ல சார். அப்பா வீட்லயும் பாக்காமதான் சொல்வாரு. டிவில எங்க தப்பு வருதுன்னு என் நோட்டைப் பாத்து மனப்பாடம் பண்ணிக்குவாரு. மாறாத கொடியக்கூட மாறிடுச்சுன்னாரு. நான் வேணும்னே எழுதி வெச்சுப் புடிச்சேன்” என்றேன். ஆதாரத்துக்கு நோட்டைத் திறந்தும் காட்டினேன்.

சார் நோட்டை வாங்கி நான் காட்டிய வரியைப் படித்தார். அடுத்த பக்கத்தையும் படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: “எவ்ளோ நாளா?”

அப்பா பம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா “சார், அது வந்து” என்று ஆரம்பித்தார். அப்பா அவர் தோளில் கை வைத்து நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நாலு மாசம் சார்.”

நாங்கள் விளையாட ஆரம்பித்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா கணக்கில் தப்பு விடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். மாமா என்னை அப்படியே தூக்கிக்கொண்டு கேன்டீன் பக்கம் போய்விட்டார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரமே அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சுகர் கண்ணுக்குள் ரத்தக் குழாயைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணை லேசர் வைத்து நிறுத்தினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும், நாலு மாசம் முன்னாடியே வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் ஒரே மூச்சில் சொன்னாராம். அப்பா அப்புறம் லைனுக்குப் போகவில்லை. ஸ்டோரில் கையுறையும் ஷூவும் எடுத்துக்கொடுக்கும் வேலை கொடுத்தார்கள். மாமாவுக்கு மெமோ கொடுத்து வேறு ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். ரொம்ப நாள் அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அம்மா இந்தக் கதையை இரண்டு விதமாகவும் சொல்வாள். சொந்தக்காரர்கள் வந்தால், “எங்க பொண்ணு மட்டும் கண்டுபிடிக்கலன்னா அவருக்கு ரெண்டு கண்ணும் போயிருக்கும்” என்பாள். என்மேல் கோபம் வந்தால், “பெத்த அப்பனையே போட்டுக் கொடுத்தவதானேடி நீ” என்பாள். இரண்டும் உண்மைதான். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தேன் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆனால் ஆயுத பூஜை என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது அன்று திரும்பி வந்த பஸ்தான்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு பஸ் கிளம்பியது. எல்லோர் மடியிலும் பொரிப் பொட்டலம், ஸ்வீட் டப்பா, ஒரே சத்தம். அப்பா எப்போதும் ஜன்னல் ஓரம் தனக்கு என்பார். அன்றைக்கு என்னை ஜன்னல் ஓரம் உட்காரச் சொன்னார். மாமா எங்களுக்குப் பின் சீட்டில். அப்பா திட்டுவார் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். ஏன் திட்டுவார் என்று தெரியவில்லை. ஆனால் மாமாவின் முகம் சரியில்லை. பொத்தேரி தாண்டியதும் அப்பா என் பக்கம் சாய்ந்தார். அப்புறம், “வெளிய இருக்கற போர்டெல்லாம் ஒண்ணொண்ணா படிச்சுக்கிட்டே வாம்மா” என்றார்.

பன்னிரண்டு வருஷமாகப் போய் வந்த ரோடு. வெளியே இருக்கும் ஒரு போர்டுகூட அவருக்கு இப்போது தெரியவில்லை. ஒளித்து வைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்றானதும் முதல் தடவையாக அவர் ஒருவரிடம் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எனக்கு என்ன தெரியும்? எல்லோர் முன்னாலும் தோற்றதற்குப் பழிவாங்க எனக்குத் தமிழ் வாசிக்கும் டெஸ்ட் வைக்கிறார் என்று நினைத்தேன். வைக்கட்டுமே! நிமிர்ந்து உட்கார்ந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். டயர் கடை, பிரியாணிக் கடை, வீட்டு மனை விற்பனை. ஒவ்வொன்றுக்கும் அப்பா “சரி” என்றார். பரீட்சைப் பேப்பரில் மிஸ் டிக் போடுவதைப் போலவே சொன்னார்.

கூடுவாஞ்சேரி சிக்னலில் பஸ் நின்றது. ஜன்னலுக்குப் பக்கத்திலேயே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம், யாரோ புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். காதணி விழா. நடுவில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை, சுற்றிலும் தாய்மாமன்கள். எனக்குக் குறும்பு வந்துவிட்டது. அப்பா ஒழுங்காகப் பார்த்துத்தான் சரி போடுகிறாரா, பார்ப்போமே என்று தோன்றியது.

“திருமண வரவேற்பு விழா” என்று படித்தேன்.

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, அந்த மொட்டைக் குழந்தைக்கு நேராகப் பார்த்தார். “சரி” என்றார். “யாருக்கும்மா கல்யாணம்?”

வாய்க்கு வந்த இரண்டு பேரைச் சொன்னேன். “நல்லா இருக்கட்டும்” என்றார் அப்பா.

பின்னாலிருந்து மாமா “பாப்பா…” என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். அவரும் சிரிப்பை அடக்கத்தான் பாடுபடுகிறார் என்று நினைத்து, காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.

பஸ் கிளம்பியது. மருந்துக் கடையைச் செருப்புக் கடை என்றேன். ஸ்கூலை ஆஸ்பத்திரி என்றேன். சரி, சரி என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஊரப்பாக்கம் தாண்டி, வண்டலூர் வரைக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தேன்.